அப்பா சொன்ன தேசாந்திரி

பால் வாங்கப் போன அப்பா பால் வாங்காமலே திரும்பி வந்தார்.

காலி பாட்டில்கள் கம்பிக்கூடையில் கிணிங் கிணிங் என்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டதுமே அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பால் நிறைந்த பாட்டில் அப்படிச் சத்தம் போடாது.

"பால் வண்டி வரலையா?"

அப்பா கூடையைக் கீழே வைத்தார். மஃப்ளரை அவிழ்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். துக்கம் கேட்டுவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"அந்தப் பையனைப் பார்த்தேன்," என்றார்.

"எந்தப் பையன்?"

"போன வாரம் நம்ம சீலியைப் பொண்ணு பார்த்துட்டுப் போனானே, அருள்தாஸ். பால் பூத்தைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்தான். தோள்ல ஒரு ஜோல்னாப் பை, கால்ல ரப்பர் செருப்பு. எங்க தம்பி இவ்வளவு காலையிலன்னு கேட்டேன். 'கோவளம் வரைக்கும் சார்'னான். இந்த நேரத்துக்குப் பஸ் கிடையாதேப்பான்னேன். 'நடந்துதான் சார்'னான்."

"கோவளத்துல யார் இருக்காங்களாம்?"

"அதையும் கேட்டேன். யாரும் இல்லையாம். 'சும்மாதான் சார்'னான்."

அப்பா மூன்று சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேஜைமேல் வைப்பதுபோல மறுபடியும் சொன்னார். "கோவளம் வரைக்கும். நடந்து. சும்மா."

பிறகு தீர்ப்பு வந்தது.

"இது சரிப்படாது சாராள். அந்தப் பையன் ஒரு தேசாந்திரி."

உள்ளறையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னல் பாதியில் நின்றது.

போன வாரம் இந்தத் தொடரில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆர்மோனியப் பெட்டி காணாமல்போன கதையைச் சொல்லி முடித்திருந்தேன். உங்கள் கல்யாணக் கதைக்கு எப்போதுதான் வருவீர்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு சொல்லின் வழியாகத்தான் நுழைய முடியும். ஏனென்றால் கிட்டத்தட்ட ஒரு மாதம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலை அந்தச் சொல்தான் மறித்துக்கொண்டு நின்றது.

ரயில் பாதை மனிதர்

அப்பா கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. அவருடைய உலகம் தாம்பரம் ஸ்டேஷனில் தொடங்கும். பீச் ஸ்டேஷனில் முடியும். இரண்டுக்கும் நடுவில் எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும், எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் படிக்கட்டு நேராக இருக்கும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஊர்கள் பரவிக் கிடக்கின்றன என்பதை ஒரு செய்தியாகத்தான் அறிந்திருந்தார்.

தண்டவாளத்தை விட்டு விலகி அவர் செய்த பெரிய பயணம் சிட்லபாக்கம். அதுவும் உடன் வேலை பார்த்தவர் வீட்டு அடக்கத்துக்கு. ஏரிக்கரையில் வழி தவறி வேறொரு வீட்டுக் காதுகுத்து விசேஷத்தில் போய் மாலையோடு நின்றார். அதன்பிறகு தண்டவாளத்தை விட்டு இறங்கவே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒருவன், கோவளம் வரை, நடந்து, சும்மா போகிறேன் என்றால் என்ன ஆகும்?

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு வந்த வரன்களில் ஒருவருக்கு என் படிப்பு கூடுதல். இன்னொருவருக்கு என் உயரம் கூடுதல். மூன்றாமவர், "பொண்ணு அதிகமா பேசுமோ?" என்று என்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார். "ஆமாம்," என்று நானே பதில் சொன்னேன். அவர் பிஸ்கட்டை முடிக்காமலே எழுந்துவிட்டார்.

அருள்தாஸுக்கு மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை. தாய் தகப்பன் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். பெண் பார்க்க வந்தவர் என்னிடம் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. காப்பி குடித்து முடித்ததும் தன் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் வைத்தார். அம்மா பதறிப்போய் அதைப் பிடுங்கினாள்.

எனக்கு அந்த டம்ளரிலேயே மனசு விழுந்துவிட்டது. வெளியே சொல்ல முடியுமா? தமிழாசிரியை ஒருத்தி ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து மயங்கினாள் என்றால் ஊர் என்ன சொல்லும்?

எந்த இலாகா?

பக்கத்து வீடு காதர் பாய் வீடு. மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் மனைவி மைமூன் அக்காவுக்கும் எங்கள் அம்மாவுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அந்தச் சுவர்மேல் குழம்புக் கிண்ணங்களும் ஊர்ச் செய்திகளும் ஓயாமல் போய் வந்தபடி இருக்கும்.

அன்றைக்கு அம்மா பால் கடன் கேட்கப் போனாள். அப்படியே விஷயத்தையும் சொன்னாள்.

"மாப்பிள்ளை தேசாந்திரியாம் மைமூன். சீலி அப்பா வேண்டாங்கறாரு."

மைமூன் அக்காவின் கண் விரிந்தது. "அல்லாவே! இவ்ளோ சின்ன வயசுலயா? எந்த இலாகாக்கா?"

அம்மாவுக்குப் புரியவில்லை.

"இல்ல, மந்திரின்னா ஒரு இலாகா இருக்குமே. பொதுப்பணியா, உணவா?"

உள்ளே இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அக்கா கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மந்திரி, தந்திரி, தேசாந்திரி. காதுக்கு அது ஒரு பதவிபோலத்தான் கேட்கிறது. தேசத்துக்கே ஏதோ பொறுப்பில் இருப்பவர் மாதிரி.

அர்த்தம் தெரிந்ததும் அக்காவின் கற்பனை வேறு பக்கம் திரும்பியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லீவு வுட்டா நேரா கோவளம் போறாருன்னா, அங்க யாராச்சும் இருக்காங்களோ என்னமோ. நல்லா விசாரிங்கக்கா," என்றாள்.

அம்மா பாலோடு திரும்பி வந்தாள். பாலைவிடச் சீக்கிரமாக அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் பொங்கியது. அப்பா இரண்டு வாரம் ரயிலில் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். தண்டவாளத்து ஆட்களில் கோவளத்துக்குப் போனவர் ஒருத்தரும் இல்லை. ஆகவே சந்தேகம் அப்படியே இருந்தது.

ராஜா சுற்றினால் உலா

எனக்கு மனசு சரியில்லாதபோது நான் அகராதியைப் புரட்டுவேன். அது என் சுபாவம். ஆசிரியைகள் அறையில் இருந்த தடித்த அகராதியை எடுத்து, 'தே' பக்கத்தை விரித்தேன்.

மூத்த தமிழாசிரியை கமலாம்பாள் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன தேடறேம்மா?"

"தேசாந்திரி, அம்மா."

"அப்படி ஒரு சொல்லே கிடையாது," என்றார். என் கல்யாணமே ரத்தாகிவிட்டது மாதிரி இருந்தது. "தேசாந்தரி. 'ந்த'. தேசம், அந்தரம். அந்தரம்னா இங்க வேறு என்று பொருள். வேறு தேசம் போகிறவன் தேசாந்தரி. வடமொழி. ஜனங்க வாய்ல 'திரி' ஆயிடுத்து."

"திரிகிறவன்கிறதால 'திரி' சேர்ந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

கமலாம்பாள் அம்மா யோசித்தார். இலக்கணம் அதை ஒப்புக்கொள்ளாது; ஆனால் காது ஒப்புக்கொள்ளும். "திரிதல் தமிழ்தான். அலைகிறவனைத் திரிகிறான்னு சொல்லுவோம். பாலும் திரியும். ரெண்டுமே கெட்டுப்போனதுக்குத்தான் சொல்றோம்," என்றார். அவருக்கும் அருள்தாஸைப் பிடிக்கவில்லைபோல.

பூகோள டீச்சர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தார். பஞ்சாங்கக் கணக்கில் தேசாந்தரம் என்றால் தீர்க்கரேகை வித்தியாசம், ஊருக்கு ஊர் சூரியன் உதிக்கும் நேரம் மாறுவது அதனால்தான் என்றார். ஆக, தாம்பரத்துக்கும் கோவளத்துக்கும் உள்ள தேசாந்தரம் என்ன என்று மூவரும் சேர்ந்து கணக்குப் போடத் தொடங்கினோம். மணி அடித்துவிட்டது.

அன்று எட்டாம் வகுப்பில் சிற்றிலக்கியம் நடத்தவேண்டிய நாள். பாடம் எங்கேயோ போய்விட்டது. பாருங்கள் பிள்ளைகளே, ராஜா தெருவைச் சுற்றினால் உலா. சாமியார் சுற்றினால் சஞ்சாரம். பக்தர் சுற்றினால் யாத்திரை. அதையே வேலைவெட்டி இல்லாதவன் செய்தால் ஊர்சுற்றல். நடக்கிற கால் ஒன்றுதான். காலின் சொந்தக்காரன் யார் என்று பார்த்துத்தான் தமிழ் பெயர் வைக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்ததாகப் பிள்ளைகள் பின்னாளில் சொன்னார்கள். உலா இலக்கியத்தில் டீச்சருக்கு இவ்வளவு ஈடுபாடா என்று வியந்தார்களாம்.

காதர் பாய் சொன்ன யோசனை

ஒரு சாயங்காலம் காதர் பாய் சுவர் ஓரமாக வந்து நின்றார். அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நல்ல வரனை வேணாங்கறீங்களாமே?"

"பாய், உமக்குத் தெரியாது. பையன் பரதேசி மாதிரி திரியறான்."

பாய் சிரித்தார். "எங்கள்ல பயணம் போறவரை முசாபிர்னு சொல்லுவோம். அவருக்குத் தொழுகையிலகூடச் சலுகை உண்டு, சுருக்கிக்கலாம். அவ்ளோ மரியாதை சார் பயணத்துக்கு."

அம்மா துணி மடித்தபடி வாசலில் இருந்தாள். அவள் விடவில்லை. "ஏங்க, நம்ம கோயில்ல பாதிரி ஐயர் பிரசங்கத்துல வாரா வாரம் என்ன சொல்றாரு? நாமெல்லாம் இந்தப் பூமியில பரதேசிகள்னு சொல்றாரில்ல? நீங்கதானே முதல் வரிசையில உக்காந்து சத்தமா ஆமென் சொல்றீங்க?"

"அது வேற பரதேசி," என்றார் அப்பா.

"அது எப்படி வேற?"

"அது ஆவிக்குரிய பரதேசி. இவன் ரப்பர் செருப்புப் பரதேசி."

பரதேசி என்ற சொல்லைப்போல வாழ்ந்து கெட்ட சொல் தமிழில் குறைவு. வேறு தேசத்துக்காரன் என்று கௌரவமாகப் புறப்பட்டது, வழியில் சோறு கேட்டது, கடைசியில் வசவாகிவிட்டது. தேசாந்தரிக்கும் அதே வழிதான். ஆனால் அது கொஞ்சம் படித்த சொல் என்பதால் திட்டினாலும் இங்கிதமாக இருக்கும். அப்பா அருள்தாஸை அந்தச் சொல்லால் திட்டியதில் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. ஒரேயடியாக வெறுத்திருந்தால் வேறு சொல்லை எடுத்திருப்பார்.

காதர் பாய்தான் வழி சொன்னார். "அவங்ககிட்ட கேக்கறீங்க, இவங்ககிட்ட கேக்கறீங்க. ஒரு தடவ அந்தப் பையன்கூடவே போய்ப் பாருங்களேன். எதுக்கு நடக்கறான், யாரைப் பாக்கறான், எல்லாம் தெரிஞ்சிடும்."

அப்பாவுக்கு இது துப்பறியும் வேலைபோலத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே ஸ்டேஷனில் அருள்தாஸைப் பிடித்துச் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, இருவருக்கும் விடுமுறை. அருள்தாஸ் சந்தோஷமாகத் தலையாட்டினாராம். அதுவே அப்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

புறப்படும் நாளன்று அம்மா ஒரு வெடி வைத்தாள். "உங்களுக்குப் பிரஷர். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் குடுக்க ஆள் வேணும். சீலியும் வரட்டும்."

"பொண்ணு எப்படி வரலாம்?"

"அப்பன் கூட இருக்கும்போது என்னவாம்?"

டப்பாவில் லெமன் சாதத்தை அழுத்திக்கொண்டே அம்மா என்னைப் பார்க்காமல் பார்த்தாள். அவளுக்கு டம்ளர் விஷயம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பனைமரங்களுக்கு அப்பால்

அப்பா ஆபீஸ் கோட்டு, ஆபீஸ் ஷூ, கறுப்புக் குடையோடு கிளம்பினார். சேலையூர் தாண்டும்வரை கம்பீரமாகத்தான் நடந்தார். செம்பாக்கத்தில் ஷூ பேச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீடுகள் குறைந்து வயலும் பனையும் வந்தன. இன்றைக்கு மேடவாக்கம் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். அடுக்குமாடியும் தண்ணீர் லாரியும் இல்லாத அந்தச் சாலையில், ஒரு மாட்டுவண்டி போனால் அதன் சத்தம் வளைவு திரும்பியும் காதில் இருக்கும். ஏரிப்பக்கமிருந்து ஈரச் சேறும் தாழம்புதரும் கலந்த ஒரு வாசனை வந்தது.

அருள்தாஸ் முன்னால் போவார், நிற்பார், நாங்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி போவார். அப்பா கேட்க நினைத்த கேள்வியை மூச்சு அனுமதிக்கவில்லை.

மேடவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா நின்றார். முகத்தில் ஒரு சங்கடம்.

"நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. ஒரு நிமிஷம் வந்துடறேன்."

புரிந்துகொண்டு நாங்கள் ஏரியைப் பார்த்துத் திரும்பினோம். மகள் இருக்கிறாளே என்ற கூச்சத்தில் அப்பா மரியாதைக்குப் போதுமான தூரம் போனார். அந்த மரியாதை அவரைப் பனந்தோப்பின் மறுபக்கத்துக்கே கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்து வெளியே வந்தவர் முன்னால் ஒரு மாட்டுத்தடம் இருந்தது. அதுதான் வந்த வழி என்று நம்பி, குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நாங்கள் ஏரியைப் பார்த்தபடி நின்றோம். நாரை ஒன்று தண்ணீரில் நின்றது. அதுவும் எங்களைப்போல யாருக்கோ காத்திருப்பதாகத் தோன்றியது. நாரை பறந்துபோனது. அப்பா வரவில்லை.

"சார்?" என்று கூப்பிட்டார் அருள்தாஸ். அப்புறம் உரக்க. அப்புறம் இருவரும் தோப்புக்குள் ஓடினோம். யாரும் இல்லை.

அப்பாவின் மாத்திரை என் பையில் இருந்தது.

புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், குடை வைத்துக்கொண்டு யாராவது போனார்களா என்று கேட்டோம்.

"கோட்டு போட்டுகினு ஒர்த்தரு போனாரும்மா. தாம்பரம் ஸ்டேசன் எங்கன்னு கேட்டாரு. ஸ்டேசன் அந்தாண்ட கீதுன்னேன். தலைய ஆட்டிகினு இந்தாண்ட போய்ட்டாரு. இன்னா மனுசரோ!"

இந்தாண்ட நடந்தோம். அருள்தாஸ் வேகத்தைக் குறைத்து என்னோடு நடந்தார். அதுவரை எங்களுக்குள் ஒரு முழு வாக்கியம்கூடப் பேச்சு இருந்ததில்லை.

"டீச்சர், பயப்படாதீங்க. இந்தத் தடம் ஒரு குடியிருப்புலதான் போய் முடியும். எனக்குத் தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும், "உங்க அப்பா என்னைப் பத்தி என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "தேசாந்திரின்னு சொன்னார்."

"அப்படின்னா?"

தேசம், அந்தரம் என்று பிரித்துச் சொன்னேன். அப்பாவைத் தொலைத்துவிட்டு வயல்வரப்பில் நின்று பதம் பிரித்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அந்தரம்னா நடு ஆகாசத்துல தொங்கறதுன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். அப்படிப் பார்த்தாலும் எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றார்.

வரப்பிலிருந்து மறுபடி தடத்தில் இறங்கினோம். அவரே தொடர்ந்தார்.

"அம்மா போனப்புறம் ஊர்ல வீடுன்னு ஒண்ணும் இல்ல டீச்சர். இங்க ரூம்ல இருக்கறவங்கள்லாம் லீவு விட்டா அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. நான் மட்டும் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் எழுந்து நடக்க ஆரம்பிச்சேன். நடந்தா கொஞ்சம் தேவலையா இருந்தது."

"ஏன் கோவளம்?"

"அங்க கடல் வந்துடுமே. அதுக்கு மேல போக முடியாது, திரும்பித்தான் ஆகணும். வேற பக்கம் நடந்தா திரும்ப வருவேனான்னு எனக்கே பயமா இருந்தது." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "மத்தபடி அங்க யாரும் இல்ல. படகு கரையேறும்போது ஒரு ஓரமா நின்னு பார்ப்பேன். மீன் ஏலம் போடறதைக் கேட்பேன். அப்புறம் பஸ் பிடிச்சுடுவேன்."

பாடம் நடத்தும்போது எத்தனையோ சொற்களுக்கு நான் அர்த்தம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு சொல் என் பக்கத்தில் ரப்பர் செருப்போடு நடந்து வந்தது.

இன்னொரு கரண்டி

தடம் ஒரு வேப்பமரத்தில் போய் முடிந்தது. மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் அப்பா.

கோட்டு கிளையில் தொங்கியது. கையில் ஒரு பெரிய கிண்ணம். அதில் கேழ்வரகுக் கூழ். ஆடு ஒன்று மிக அருகில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உலா வரும் தலைவனைக் காண ஏழு பருவத்துப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள் என்று இலக்கியம் சொல்லும். அப்பாவின் உலாவுக்கு அந்த ஆடுதான் வந்திருந்தது.

குடிசை வாசலில் நின்ற பெண் எங்களைப் பார்த்ததும் உரக்கச் சொன்னாள்.

"உங்க ஆளாம்மா? நல்லவேளை வந்தீங்க. யாரோ பரதேசி, பாவம், வெயில்ல சுத்திகினு இருந்தாரு. கண்ணெல்லாம் சொருகிகினு கீது. நாந்தான் கூப்ட்டு குந்த வெச்சு கூழு ஊத்தினேன்."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் பிரஷர் ஏறும். அருள்தாஸ் தரையைப் பார்த்தார். ஆடுகூட அசையவில்லை.

அப்பா கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அருள்தாஸைப் பார்த்தார். வாயிலிருந்த வெங்காயத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா," என்றார்.

நான் மாத்திரையைக் கொடுத்தேன். அருள்தாஸ் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவின் ஷூக்களைக் கழற்றினார். குதிகால் இரண்டும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தன. அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் காலைக் கழுவித் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினார். அப்பா, "வேண்டாம் தம்பி, வேண்டாம்," என்று காலை இழுத்தார். கால் இழுபடவில்லை. அருள்தாஸின் பிடி உறுதியாக இருந்தது.

பிறகு தன் ரப்பர் செருப்பை அப்பாவுக்கு மாட்டிவிட்டார். ஷூக்களை நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டார். மேடவாக்கம் பஸ் நிறுத்தம் வரை, உச்சி வெயிலில், சூடேறிய தாரில் வெறுங்காலோடு நடந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அப்பாதான் பேசினார். அந்தப் பெண் பேர் அஞ்சலை, கூழுக்கு மோர் ஊற்றுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, ஆடு சினையாக இருக்கிறது, இந்தப் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஏரி இருப்பதை யாரும் தன்னிடம் சொன்னதே இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் அருள்தாஸின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கண்டக்டர் வந்து, "அப்பாவுக்கும் சேத்தா சார்?" என்று கேட்டார். அருள்தாஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சேத்துத்தான்," என்றார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்காவின் முந்தானை தெரிந்தது.

"என்ன ஆச்சு? எதுக்குத்தான் நடக்கறாராம்? கேட்டீங்களா?"

அப்பா கட்டுப்போட்ட காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். நெற்றியைத் தடவினார்.

"கேக்க மறந்துட்டேன்."

"அதுக்குத்தானேங்க போனீங்க!"

"விடு சாராள். நல்ல பையன். கொஞ்சம் வேகமா நடக்கறான், அவ்வளவுதான். ஐயரைப் பார்த்துக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்."

கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று ஐயர் சபையைக் கேட்டபோது அப்பா திரும்பி எல்லோரையும் ஒரு முறை முறைத்தார். மழைக்கு முந்திய மாதத்தில் கல்யாணம் நடந்தது. காதர் பாய் வீட்டிலிருந்து பெரிய பித்தளை அண்டா ஒன்று வந்தது.

கிழக்குத் தாம்பரத்திலேயே ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள ஒரு வீடு பார்த்துக் குடியேறினோம். முதலில் வந்த இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலையில் அவர் ஜோல்னாப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

"நானும் வரேங்க," என்றேன்.

சேலையூர், செம்பாக்கம், ஏரி. பேசிக்கொண்டே போனதில் மேடவாக்கம் வந்ததே தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். கிழக்கே போகும் சாலையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். வந்த வழியில் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"என்னங்க, கோவளம் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"பின்னே?"

"வீட்டைப் பூட்டினோமான்னு சந்தேகமா இருக்கு சீலி."

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்ததே அவர்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஆமாங்க, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.